தலைப்பிரட்டைக்கு ரத்தம் ஊறும் இடம் எது?

கேள்வி: ‘‘சம்பா நடவு முடிந்து ஒரு மாதம் ஆகிறது. வயலிலும் வாய்க்கால் ஓரத்திலும் தலைப்பிரட்டைகள் நிறையக் கிடந்தன. அவை சின்னதாக இருந்தபோது ஒருமுறை பூச்சிமருந்து அடித்தோம். ஒன்றும் ஆகவில்லை. நான்கு காலும் முளைத்து வால் சுருங்கும் சமயத்தில் அதே மருந்தை அதே அளவில் அடித்தோம். நாலைந்து நாளில் கும்பலாகச் செத்து மிதந்தன. வளர வளரத் தாங்கும் சக்தி கூடத்தானே வேண்டும்? பிளஸ் டூ படிக்கும் மகளிடம் கேட்டால், ‘தவளைக்கு நம்மைப்போல எலும்பு மஜ்ஜையில் ரத்தம் ஊறாது, கல்லீரலில்தான் ஊறும். அதனால் எதிர்ப்பு சக்தி குறைவு’ என்கிறாள். இது சரியா?’’

— நெல் விவசாயி, மன்னார்குடி வட்டம்.

பதில்: மகள் சொன்னதில் முன்பாதி ஓரளவு சரி. பின்பாதி சரியில்லை. கல்லீரலில் ரத்தம் ஊறுவதால் எதிர்ப்பு சக்தி குறைந்துவிடாது. ஆனால், வால் சுருங்கும் நாட்களில் தலைப்பிரட்டையின் எதிர்ப்பு சக்தி சரிந்துவிடுகிறது என்பது உண்மை. அந்த நாட்களில் அது பழைய ரத்தத்தையும் பழைய காவல்படையையும் கலைத்துவிட்டு, புதியதைக் கட்டிக்கொண்டிருக்கிறது. கூரையைப் பிரித்துப் போட்டுவிட்டுப் புதுக்கூரை வேய்வதற்குள் மழை பிடித்துக்கொண்டால் எப்படியோ, அப்படி.

ரத்தம் எலும்புக்குள்தான் ஊற வேண்டும் என்று எந்த விதியும் கிடையாது. வீட்டில் கெண்டை மீன் ஆயும்போது பார்த்திருக்கலாம். குடலை எடுத்த பிறகு முதுகெலும்பை ஒட்டி, உறைந்த ரத்தம்போல ஒரு கருஞ்சிவப்புப் பட்டை நீளமாக ஓடும். கவிச்சி வரும் என்று அதைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் கழுவுவார்கள். அது ரத்தக்கட்டி அல்ல, மீனின் சிறுநீரகம். மீனுக்கு ரத்தம் ஊறும் முக்கியமான இடமும் அதுதான். மாட்டுக்கும் மனிதனுக்கும் எலும்பு மஜ்ஜையில் ஊறுகிறது. தண்ணீரில் மீனாகத் தொடங்கி, தரையில் நாலுகால் பிராணியாக முடியும் தவளைக்கு என்ன செய்வது? அது தன் ஆயுளில் பாதி வழியில் இடம் மாற்றிக்கொள்கிறது.

இதைப்பற்றித் தெரிந்தவற்றில் பெரும்பகுதி ஒரே ஒரு தவளையை வைத்துத் தெரிந்துகொண்டது. தென் ஆப்பிரிக்காவைச் சேர்ந்த ‘ஸீனோபஸ்’ என்கிற நகத் தவளை. ஆயுள் முழுக்கத் தண்ணீரிலேயே கிடக்கும். இது ஆய்வுக்கூடத்துக்கு வந்த கதை வேடிக்கையானது. 1930 வாக்கில் கேப்டவுனில் இருந்த லான்சலாட் ஹாக்பென் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி, இந்தத் தவளைக்கு ஹார்மோன் ஊசி போட்டால் முட்டையிடுகிறது என்று கவனித்தார். கர்ப்பிணியின் சிறுநீரிலும் அதேபோல வேலை செய்யும் ஹார்மோன் உண்டு. சிறுநீரைத் தவளைக்கு ஊசியாகப் போட்டு, ஒரு நாளுக்குள் அது முட்டையிட்டால் அந்தப் பெண் கர்ப்பம் என்று முடிவு சொன்னார்கள். வேறு பரிசோதனை முறைகள் வரும்வரை, பல நாட்டு மருத்துவமனைகளில் தொட்டிதொட்டியாக இந்தத் தவளையை வளர்த்தார்கள். எப்போது வேண்டுமானாலும் முட்டை கிடைக்கும், அந்த முட்டையும் கண்ணுக்குத் தெரியும் அளவில் பெரிது என்பதால், கரு வளர்ச்சியைப் படிப்பவர்களும் இதையே பிடித்துக்கொண்டார்கள்.

முட்டைக்குள் கரு உருண்டையாக இருக்கும்போதே, அதன் வயிற்றுப்பக்கத்தில் ரத்தத்துக்கென்று ஒரு திட்டு உருவாகிறது. ‘ரத்தத் தீவு’ என்றே அதற்குப் பெயர். இளம் தலைப்பிரட்டையின் உடலில் முதலில் ஓடும் சிவப்பணுக்கள் அங்கிருந்து வருபவை. அந்தத் திட்டின் முன்பகுதியை ஒட்டி, கிருமிகளை விழுங்கும் வெள்ளை அணுக்களின் முதல் கூட்டமும் பிறக்கிறது. இவை ரத்த ஓட்டம் தொடங்கும்வரை காத்திருப்பதில்லை. ரத்தக்குழாய் வேலைசெய்ய ஆரம்பிப்பதற்கு முன்பே, திசுக்களுக்கு இடையே ஊர்ந்துபோய்க் காயம்பட்ட இடத்தில் கூடிவிடுகின்றன. பாதை போடுவதற்கு முன்பே காவலுக்கு ஆள் வந்துவிடுகிறது.

வயிற்றுப்பக்கத்து ரத்தம் கடைசிவரை வருவதில்லை. வளர்ந்த தவளைக்கான ரத்தத்தின் விதை அணுக்கள் பெரும்பாலும் முதுகுப்பக்கத்திலிருந்து வருகின்றன. முதுகெலும்பு வரப்போகும் இடத்துக்கு இரண்டு பக்கமும் இருக்கும் திசுவில் தோன்றி, பெரிய ரத்தக்குழாயின் அடித்தளத்திலிருந்து மொட்டு விடுவதுபோலப் பிரிந்து, ரத்தத்தோடு சேருகின்றன.

இதைக் கண்டுபிடித்த முறை ஒட்டுக்கட்டும் விவசாயிக்கு எளிதில் புரியும். சாதாரணக் கருவில் குரோமோசோம் இரண்டு தொகுதிகள். சில உத்திகளால் மூன்று தொகுதி உள்ள கருவை உண்டாக்க முடியும், விதையில்லாத் தர்பூசணிபோல. அமெரிக்காவில் ஜேம்ஸ் டர்பென் என்பவரின் குழு, மூன்று தொகுதிக் கருவிலிருந்து ஒரு சிறு துண்டை வெட்டி, இரண்டு தொகுதிக் கருவில் அதே இடத்தில் ஒட்டியது. தலைப்பிரட்டை வளர்ந்ததும் ரத்தத்தை எடுத்து ஒவ்வோர் அணுவிலும் எத்தனை தொகுதி என்று பார்த்தால், அது ஒட்டுத்துண்டிலிருந்து வந்ததா, அடிச்செடியிலிருந்து வந்ததா என்று தெரிந்துவிடும். வயிற்றுத் துண்டை ஒட்டினால் முதல் ரத்தத்தில் அதன் அணுக்கள். முதுகுத் துண்டை ஒட்டினால் பிந்தைய ரத்தத்தில் அதன் அணுக்கள். 2000-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ரோஜர் பேஷன்ட் குழு ஒரு படி பின்னால் போனது. கரு வெறும் 32 செல்களாக இருக்கும்போதே, முதல் ரத்தத்துக்குப் போகும் செல்லும் வளர்ந்த தவளையின் ரத்தத்துக்குப் போகும் செல்லும் வெவ்வேறாகப் பிரிந்து நிற்கின்றன என்று காட்டியது. முட்டையிட்டுச் சில மணி நேரத்திலேயே இரண்டு போகத்துக்கும் தனித்தனி விதை எடுத்துவைத்தாயிற்று.

அடுத்து, நாற்றங்கால் எங்கே என்பது. முதுகுப்பக்கத்து விதை அணுக்கள் பல இடங்களுக்குப் பிரிந்து போகின்றன. ஒரு பங்கு, கண்ணுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் இருக்கும் ‘தைமஸ்’ சுரப்பிக்குப் போகிறது. அங்கே ‘டி’ அணுக்கள் பயிற்சி பெறுகின்றன. எது தன் உடம்பு, எது அந்நியம் என்று பிரித்தறியும் படை இது. ஒரு வாரக் குஞ்சாக இருக்கும்போதே தைமஸை எடுத்துவிட்டால், அந்தத் தவளை வளர்ந்த பிறகு வேறொரு தவளையின் தோலை ஒட்டினாலும் சரியாக எதிர்க்கத் தெரியாமல் விழிக்கிறது. இன்னொரு பங்கு கல்லீரலுக்குப் போகிறது. எதிர்ப்புப் பொருளைச் சுரக்கும் ‘பி’ அணுக்கள் முதலில் அங்கேதான் தோன்றுகின்றன. கல்லீரலின் மேலோட்டில் மெல்லிய ஏடுபோல ஒரு பகுதி இருக்கிறது. கிருமியோடு நேருக்கு நேர் மோதும் வெள்ளை அணுக்கள் ஊறுவது அந்த ஏட்டில். மண்ணீரல் சற்றுப் பிந்தி வேலைக்கு வருகிறது. நமக்குக் கழுத்திலும் தொடை இடுக்கிலும் நெறிகட்டுமே, அந்த நிணநீர்க் கணுக்கள் இந்தத் தவளைக்குக் கிடையாது. அந்த வேலையில் பெரும்பங்கை மண்ணீரல் பார்த்துக்கொள்கிறது.

இனி மகளின் வாதம். ஸீனோபஸ் தவளையில், வளர்ந்த பிறகும் சிவப்பணு ஊறுவது முக்கியமாகக் கல்லீரலில். எலும்பு மஜ்ஜைக்கு அதில் பெரிய பங்கு இல்லை. பாடப் புத்தகமோ இணையமோ ஆய்வுக்கூடத் தவளையைத்தான் ‘தவளை’ என்று சொல்லும். ஆனால் ‘ரானா’ வகைத் தவளைகளில் கதை வேறு. அமெரிக்கப் பெருந்தவளையின் தலைப்பிரட்டையில் கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் ரத்தம் ஊறுகிறது. உருமாறிய பிறகு எலும்பு மஜ்ஜையும் மண்ணீரலும் அந்த வேலையை ஏற்றுக்கொள்கின்றன. மன்னார்குடி வயலில் கத்தும் தவளைகள் இந்த ரானா வகைக்குத்தான் நெருங்கிய சொந்தம். ஆப்பிரிக்க நகத் தவளை தூரத்து உறவு. ஆகவே ‘தவளைக்கு எலும்பு மஜ்ஜையில் ரத்தம் ஊறாது’ என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. (தவளையின் இன்னோர் உறவான சாலமாண்டர்கள், நம் நாட்டில் டார்ஜிலிங் பக்கத்து மலைகளில் உண்டு. அவற்றில் பெரும்பாலானவற்றுக்குச் சிவப்பணு மண்ணீரலில்தான் ஊறுகிறது.)

கால் முளைக்கும்போது ரத்தம் ஏன் எலும்புக்குள் குடியேற வேண்டும்? 2018-இல் பாஸ்டனில் லியனார்ட் ஸான் குழு சொன்ன ஒரு விளக்கம் ரசிக்கும்படி இருக்கிறது. மீனின் சிறுநீரகத்துக்கு மேலே, குடை பிடித்ததுபோலக் கறுப்பு நிறமி அணுக்கள் பரவியிருக்கின்றன. மேலேயிருந்து விழும் புற ஊதாக் கதிர், ரத்த விதை அணுக்களைத் தாக்காமல் தடுப்பது அந்தக் குடைதான். நிறமி இல்லாத மீன்களில் விதை அணுக்கள் அதிகம் சேதமாகின்றன. தலைப்பிரட்டையிலும் அதே கறுப்புக் குடை இருக்கிறது. கால் வளர்ந்து, தரைக்கு ஏறப்போகும் சமயத்தில் ரத்தம் எலும்புக்குள் போய்விடுகிறது. நாலா பக்கமும் சுவர் உள்ள வீட்டுக்குள் இருந்தால் குடை எதற்கு?

இப்போது கேள்வியின் மையத்துக்கு வரலாம். பின்னங்கால் பெரிதாகி, முன்னங்கால் தோலைக் கிழித்து வெளியே வந்து, வால் கரையும் அந்தச் சில நாட்களில் உள்ளே நடப்பது சாதாரண மராமத்து அல்ல.

முதலில் சிவப்பணு. தேங்கிய நீரில் ஆக்ஸிஜன் குறைவு. அதனால் தலைப்பிரட்டையின் ஹீமோகுளோபின், கிடைத்த ஆக்ஸிஜனை இறுகப் பிடித்துக்கொள்ளும் ரகம். காற்றைச் சுவாசிக்கும் தவளைக்கு அப்படிப் பிடித்துவைப்பது உதவாது. திசுக்களுக்குத் தாராளமாக விட்டுக்கொடுக்கும் ரகம் வேண்டும். அமெரிக்கப் பெருந்தவளையில் இந்த வித்தியாசத்தை ஆஸ்டின் ரிக்ஸ் 1951-லேயே அளந்து காட்டினார். உருமாற்றத்தின்போது பழைய சிவப்பணுக்கள் அழிக்கப்படுகின்றன. புது ஹீமோகுளோபின் நிரப்பிய புது அணுக்கள் அவற்றின் இடத்துக்கு வருகின்றன.

அடுத்தது வெள்ளை அணு. தைமஸ் சுருங்குகிறது. அதில் இருந்த இளம் அணுக்களில் பெரும்பகுதி செத்துப்போகிறது. கல்லீரலிலும் மண்ணீரலிலும்கூட எண்ணிக்கை சரிகிறது. இது விபத்தல்ல, உடம்பே செய்துகொள்வது. வாலைக் கரைக்கச் சொல்வது தைராய்டு ஹார்மோன். அதோடு சேர்ந்து ஏறும் இன்னொரு ஹார்மோன் ஸ்டீராய்டு வகை. மனிதனுக்கு ஊசி போட்டால் எதிர்ப்பு சக்தியை அமுக்குமே, அதே வகையறா. அதுதான் இந்த வெள்ளை அணுக்களைக் கலைக்கிறது.

படையைக் கலைப்பதற்குக் காரணம் உண்டு. தலைப்பிரட்டையின் ‘டி’ அணுக்கள், தலைப்பிரட்டையின் உடம்பைப் பார்த்துத்தான் ‘இது நம்முடையது’ என்று பழகியவை. திடீரென்று புதுத் தோல், புதுக் குடல், புது ஹீமோகுளோபின் என்று முன்பு பார்த்தே இராத புரதங்கள் உடம்பெங்கும் முளைக்கின்றன. பழைய படை முழு பலத்தோடு இருந்தால், புதுத் தவளையை அந்நியன் என்று நினைத்துத் தாக்கிவிடும். அதனால் பெரும்பாலானவற்றைக் கலைத்துவிட்டு, தைமஸில் மறுபடி முதலிலிருந்து ஆள் எடுக்கிறது உடம்பு. இந்த நாட்களில், உறவுள்ள வேறொரு தவளையின் தோலை ஒட்டினால் அதை ஏற்றுக்கொண்டு வாழ்கிறது. முழுதாக வளர்ந்த பிறகு ஒட்டினால் தள்ளிவிடுகிறது. காவல் எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆனால், நாலைந்து நாளில் கும்பலாகச் செத்ததற்கு எதிர்ப்புசக்திக் குறைவு ஒன்றே காரணம் என்று சொல்வது நியாயமாகாது. அவ்வளவு விரைவான சாவுக்கு முதல் சந்தேகம் மருந்தின் நேரடி விஷத்தின் மீதுதான் விழ வேண்டும். அதே மருந்து, அதே அளவு என்றாலும், வயலில் நின்ற தண்ணீர் முன்பைவிடக் குறைவாக இருந்திருந்தால் விஷத்தின் செறிவு கூடியிருக்கும். தவிர, வால் சுருங்கும் தவளைக்குஞ்சு ஏற்கெனவே பல முனையில் பலவீனமாக இருக்கிறது. குடல் மாறிக்கொண்டிருப்பதால் சாப்பிடுவதில்லை. செவுள் மறைகிறது, நுரையீரலை நம்பித் தலையை வெளியே நீட்ட வேண்டும். செங்குத்தான சிமென்ட் வாய்க்காலாக இருந்து, ஏறி உட்காரச் சரிவோ செடியோ இல்லையென்றால் மருந்தே இல்லாமல்கூட மூழ்கிச் சாகும். தோல் பூஞ்சை நோய் ஒன்றும் உண்டு. தலைப்பிரட்டையில் அந்தப் பூஞ்சை வாயோரத்தில் மட்டும் பிடித்திருக்கும். உருமாறி, தோல் கெட்டிப்பட்டதும் உடம்பெங்கும் பரவும். மேற்குத் தொடர்ச்சி மலைத் தவளைகளிலும் இதைக் கண்டிருக்கிறார்கள். மருந்தடித்த வயலில் மட்டும் செத்து, அதே வாய்க்காலின் மேல்பக்கத்தில் உயிரோடு இருந்தால் மருந்துதான். மேல்பக்கத்திலும் செத்திருந்தால் வேறு காரணம் தேட வேண்டும்.

சாகாமல் தப்பியவற்றைப் பற்றியும் யோசிக்க வேண்டும். அமெரிக்காவில் பென்சில்வேனியா குட்டைகளில் ஜோசப் கீஸெக்கர் செய்த ஆய்வு 2002-இல் வெளியானது. மாட்டின் கல்லீரலில் வரும் தட்டைப்புழுவின் உறவுக்காரப் புழு ஒன்று, நத்தை வழியாகத் தலைப்பிரட்டைக்குள் புகுந்து கால்களைக் கோணலாக்குகிறது. வயல் மருந்து வடிந்து வரும் குட்டைகளில் இந்தக் கோணல் கால்கள் அதிகம். ஆய்வுக்கூடத்தில் பார்த்தபோது, மாலத்தியான், அட்ரசின் போன்ற மருந்து கலந்த நீரில் இருந்த தலைப்பிரட்டைகளுக்குப் புழுவை எதிர்க்கும் ‘இயோசினோஃபில்’ வெள்ளை அணு குறைந்திருந்தது. புழு அதிகம் நுழைந்திருந்தது. மருந்து நேரடியாகக் கொல்லவில்லை, காவலாளியைக் குறைத்துவிட்டது.

செய்யக்கூடியது இதுதான். வயல் தவளைகளில் பலவற்றுக்கு முட்டையிலிருந்து குட்டித் தவளையாக ஒன்று முதல் இரண்டு மாதம் ஆகும். ஒரே மழைக்குப் பிறந்தவை ஏறக்குறைய ஒன்றாகவே கரையேறும் என்பதால், ஆபத்தான காலம் ஒன்று அல்லது இரண்டு வாரம்தான். வரப்பில் நின்று ஒரு கை தண்ணீர் அள்ளினால் தெரிந்துவிடும்: முன்னங்கால் வந்து வாலும் இருந்தால் அதுதான் அந்த வாரம். பூச்சி பொருளாதாரச் சேதநிலையைத் தாண்டாத வரை அந்த வாரம் மருந்தைத் தள்ளிப் போடலாம். தாண்டிவிட்டால் அடித்தே ஆக வேண்டும். அப்போது மருந்தடித்த தண்ணீரை உடனே மடை திறந்து வாய்க்காலில் விடாமல் வயலுக்குள்ளேயே நிறுத்த வேண்டும். வரப்பில் அடிக்கும் களைக்கொல்லியிலும் கவனம் தேவை. கிளைபோசேட் கலவைகளில் இலையில் ஒட்டுவதற்காகச் சேர்க்கும் சோப்பு போன்ற பொருள் தலைப்பிரட்டையின் செவுளைக் கெடுக்கும். சோப்புக் கரைசல் சேர்த்த இயற்கை மருந்துக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். ‘இயற்கை’ என்ற பெயரைச் செவுளுக்குப் படிக்கத் தெரியாது.

கேள்வி: ‘‘தோட்டத்தில் புதிதாகப் பண்ணைக்குட்டை வெட்டியிருக்கிறோம். தவளையே இல்லை. பக்கத்து ஊர் ஏரியிலிருந்து தலைப்பிரட்டைகளை அள்ளிவந்து விடலாமா?’’

— காய்கறி விவசாயி, ஒட்டன்சத்திரம்.

பதில்: வேண்டாம். மேலே சொன்ன பூஞ்சையும், தலைப்பிரட்டைகளைக் கூட்டமாகக் கொல்லும் ‘ரானா வைரஸ்’ என்ற கிருமியும் தண்ணீரோடும் தலைப்பிரட்டையோடும் சேர்ந்து பயணம் செய்பவை. ஸீனோபஸ் தவளைத் தலைப்பிரட்டைகளில் அந்த வைரஸை எதிர்க்கும் திறன், வளர்ந்த தவளையைவிடக் குறைவு என்று கண்டிருக்கிறார்கள். வாளியில் அடைத்து, வெயிலில் கொண்டுபோய், புதுத் தண்ணீரில் விட்டால் அந்த அதிர்ச்சியிலேயே ஸ்டீராய்டு ஹார்மோன் ஏறி, இருக்கிற வெள்ளை அணுக்களும் சரியும்.

வெட்டிய குட்டையின் நான்கு பக்கமும் செங்குத்தாக இருந்தால், ஒரு பக்கத்தையாவது மாட்டுவண்டி இறங்கும் துறைபோலச் சரிவாக்குங்கள். அந்தப் பக்கம் கோரையும் புல்லும் வளரட்டும். பிளாஸ்டிக் விரிப்பு போட்ட குட்டையாக இருந்தால், சரிவில் பழைய கோணிச்சாக்கைத் தண்ணீருக்குள் தொங்கும்படி விரித்துவிட்டால் குட்டித் தவளைகள் பிடித்து ஏறும். குட்டையில் மீன் விட்டிருந்தால் முட்டையும் தலைப்பிரட்டையும் மீனுக்கு இரையாகிவிடும். தவளை வேண்டுமென்றால் பக்கத்தில் மீன் இல்லாத சிறு பள்ளம் ஒன்று வெட்டி மழைநீரைத் தேக்குங்கள். சுற்றுவட்டாரத்தில் தவளை இருந்தால், நல்ல மழைக்குப் பிறகு தானாகவே வந்து சேரும்.